இடது பக்கத்து மஞ்சள் கோடு

பட்டறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குழியக்கா என்றால்தான் தெரியும். கட்டடத்தின் கடைசி மூலையில், தரைக்குக் கீழே ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, இறங்கப் படி வைத்து, சுவரில் விளக்குப் பதித்திருக்கிறார்கள். வண்டியை அதன்மேல் கொண்டுவந்து நிறுத்தினால் அடிவயிறு முழுக்கத் தலைக்கு மேலே தெரியும். அவளுக்கு அங்கேதான் வேலை. புதிதாக வருகிறவர்கள் அவளை விசாரித்தால் பெயிண்டர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "அக்கா குழிக்குள்ள போயிட்டாங்க" என்பார். கேட்டவர் திடுக்கிட்டு நிற்பார். "சாப்பாட்டு நேரத்துக்கு மேல வந்துடுவாங்க" என்று அதே முகத்தோடு முடிப்பார். பெயிண்டருக்குத் தலைமுடி உதிர்ந்துவிட்டது, இந்த ஜோக் மட்டும் உதிரவில்லை.

உதிரிபாகக் கவுண்டரில் பொருள் எடுத்துக் கொடுக்கத்தான் அவள் முதலில் வந்து சேர்ந்தாள். குழியில் இருந்த ஆள் திடீரென்று வேலையை விட்டுவிட, அடுத்து யார் இறங்குவது என்ற பேச்சு வந்தது. முதலாளிக்குத் தொப்பை இடம் கொடுக்கவில்லை. பெயிண்டருக்கு முதுகு இடம் கொடுக்கவில்லை. எஞ்சின் வேலைக்காரருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அவள் ஒல்லி. ரெண்டு நாளைக்கு மட்டும் பாரும்மா என்றார் முதலாளி. அந்த இரண்டு நாளுக்குள் அவளுக்கு ஒரு மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போய், படிப்பையும் முடித்துவிட்டாள்.

வேகமாகப் போனால் எஞ்சினுக்குப் பேர், பள்ளத்தில் விழுந்தால் சஸ்பென்ஷனுக்கு அடி என்று அவள் சொல்வாள். சக்கரத்தையும் வண்டியின் உடம்பையும் பிடித்துக்கொண்டிருக்கும் ஸ்ப்ரிங், ஆர்ம், புஷ், ஷாக் அப்சர்பர் எல்லாம் அவள் பொறுப்பு. அடிபட்டு வரும் வண்டிக்காரர்கள் டாக்டரிடம் சொல்வதுபோலவே அவளிடமும் பாதியைத்தான் சொல்வார்கள். சின்னப் பள்ளம் என்றால் நடைபாதை விளிம்பு. பெரிய பள்ளம் என்றால் இன்னொரு வண்டி. எதுவுமே இல்லை, சும்மா பார்க்கச் சொன்னார்கள் என்றால் ஓட்டியது அவர் இல்லை, மச்சான். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள், கோபப்பட மாட்டாள். முன்பின் தெரியாதவர்கள் பொய் சொன்னால் அது அவர்கள் வீட்டு வழக்கம், நமக்கென்ன என்று இருந்துவிடுவாள். தன் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது என்று ஒரு நினைப்பு.

அவளுக்கும் தம்பிக்கும் சேர்ந்து ஒரு வண்டி உண்டு. குண்டு முன்பக்கமும் வட்ட விளக்குகளும் உள்ள பழைய கார். மகள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த மாதிரி வண்டி செய்வதை நிறுத்திவிட்டார்கள். உடைசல் கிடங்கில் கூரை அமுங்கிக் கிடந்ததைத் தம்பிதான் கண்டுபிடித்தான். அவன் கேஸ் வெல்டர். நெருப்பு அவன் கையில் இருந்தால் உலகத்தில் வளைந்தது, ஓட்டையானது என்று எதுவும் கிடையாது, எல்லாம் சரியாகிவிடும் என்ற தெம்பு உள்ளவன். விடுமுறை விடுமுறையாக உட்கார்ந்து இரண்டு பேரும் அதை எழுப்பி நிறுத்தினார்கள். எழுந்து நின்றதும் அதற்கு மரியாதை வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் அதைப் பெரியவர் என்றார்கள். பெரியவர் இன்னைக்கு எழுந்தாரா, பெரியவருக்கு ஏன் இருமல் என்றுதான் பேச்சு. நிற்பது தம்பியின் வெல்டிங் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில்.

முன்பக்கத்தை இருவரும் பாகம் பிரித்துக்கொண்டு பூட்டினார்கள். இடது பக்கம் அவள், வலது பக்கம் தம்பி. அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நட்டை முறுக்கி முடித்ததும், நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்ந்தாற்போல மஞ்சள் பெயிண்டில் ஒரு மெல்லிய கோடு இழுப்பாள். பிறகு எப்போதாவது அந்த நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து இரண்டாகத் தெரியும். குனிந்து பார்த்தாலே போதும், ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டாம். குறுக்கே கம்பி ஊசி செருகிய நட்டுகளுக்கு மட்டும் கோடு போட மாட்டாள். ஊசி இருக்கும்வரை அது தானாகக் கழன்று போகாது, அதற்குக் கோடு எதற்கு, பெயிண்டுக்குக் கேடு. தம்பி அப்படி இல்லை. ஆரம்பத்தில் ஒரு நட்டுக்குக் கோடு விட்டுப்போனதற்கு அவள் வாயில் நன்றாக விழுந்தான். அதிலிருந்து ஊசி இருக்கிறதோ இல்லையோ, கண்ணில் பட்ட நட்டுக்கெல்லாம் மஞ்சள் பூசிவிடுவான். உன்கிட்ட பேச்சு வாங்கறதுக்கு ஒரு சொட்டு பெயிண்ட் போனாப் போகுது என்பான். மூடியைத் திறந்துபோட்டுப் பெயிண்டைக் காயவிடுகிறான் என்று அந்தச் சின்னப் பாட்டிலை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய், மருந்துக்கடையில் வேலை செய்யும் தன் வீட்டுக்காரர் மாத்திரைகள் வைக்கும் அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

அந்த வருடம் மகளுக்கு மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில், ரத்தம் பரிசோதிக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. பெரியவரை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர வேண்டும் என்பது மகளின் ஆசை. மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது மாமன். தனியாக எடுக்கக் கூடாது, மாமாவோடு போ, அதுவும் நான் குழியில் ஏற்றிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வண்டி நகரும் என்று தாய் சொல்லிவிட்டாள். மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் அவளுக்குக் கவலை. பக்கத்துக்குப் பக்கம் வளைவு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை.

கிளம்ப வேண்டிய வாரத்தில் தம்பி வந்து, வண்டியைச் சும்மா ஓட்டிப் பார்க்கப் போனதாகவும் சின்னப் பள்ளத்தில் இடது சக்கரம் இறங்கிவிட்டதாகவும் சொன்னான். சக்கரத்தின் மூடி நசுங்கியிருக்கிறது, நீ எப்படியும் பார்க்கத்தானே போகிறாய், அதோடு இதையும் பார்த்துவிடு என்றான். அவன் வாயிலிருந்து வந்ததால் சின்னப் பள்ளம் அவளுக்குச் சின்னப் பள்ளமாகவே கேட்டது.

அந்த வாரம் வீடு அவளிடம் நன்றாக இருந்தது. வேலை முடிந்து வரும்போது வீட்டுக்காரர் டீ போட்டு வைத்திருந்தார். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே அவள் முழங்கைக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். தம்பி, பல நாளாக இழுபறியில் இருந்த குளியலறைக் கதவுத் தாழ்ப்பாளை வந்து ஒட்டிக் கொடுத்தான். பிரியப் போகிற நேரத்தில் எல்லோருக்கும் மனசு இளகியிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தைலம் காய்ந்த பிறகும் கையை எடுக்காமல் வைத்திருந்தாள்.

பட்டறை விடுமுறை அன்று முதலாளியிடம் சாவி வாங்கி வைத்திருந்தாள். தம்பி வண்டியைக் கொண்டுவந்து குழியின்மேல் நிறுத்திவிட்டு, நீ பாரு, நான் கடைப்பக்கம் போய்ட்டு வர்றேன் என்று நழுவினான். மறுநாள் காலை மகள் கிளம்ப வேண்டும். மத்தியானம் எல்லோருக்கும் சாப்பாடு எடுத்துக்கொண்டு அப்பாவும் மகளும் இங்கேயே வருவதாக ஏற்பாடு.

அவள் அவசரப்படவில்லை. முதலில் வண்டியைச் சுற்றி வந்து, நிற்கிற விதத்தைப் பார்த்தாள். ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று முன்னால் குந்தி உட்கார்ந்து கண்ணை வைத்துப் பார்த்தாள். முன்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கி விட்டாள். ஒருமுறை எழும்பி அடங்கியது. ஜாக்கி வைத்துத் தூக்கி இடது சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு சாக்கட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரிம் ஓர் இடத்தில் மட்டும் சாக்கட்டியை உரசிக்கொண்டு போனது. வளைந்திருக்கிறது. அவளுக்கு மனசு நிம்மதியானது. அடித்த அடிக்கு அடையாளம் ஒன்று கிடைத்துவிட்டது. அடி வாங்கியது ரிம் என்றால் உள்ளே போனது குறைவாகத்தான் இருக்கும். மாற்று ரிம் இருக்கிறது, போட்டுவிடலாம்.

இருந்தாலும் வேலை என்று இருக்கிறது. குழிக்குள் இறங்கி, ரப்பர் புஷ்களைக் கம்பி விட்டு நெம்பிப் பார்த்தாள். கீழ் ஆர்ம் நேராக இருந்தது. அது வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் வந்து பொருந்தும் இடத்தில் பெயிண்ட் வெடித்திருக்கிறதா என்று விளக்கை ஓட்டிப் பார்த்தாள். இல்லை. தூக்குக்குண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடியில் தெரிந்த இடங்களைக் குழியின் ஓரத் தரையில் புள்ளி புள்ளியாகக் குறித்துக் குறுக்கும் மறுக்கும் அளந்தாள். இரண்டு குறுக்கும் ஒத்துப்போனது. சக்கரங்களின் நேர்கோடும் ஒத்துப்போனது. அவ்வளவுதான், பெரியவருக்கு ஆயுசு கெட்டி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே விளக்கை எடுத்தவள், கடைசியாகத் தன் மஞ்சள் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றுகூட உடையவில்லை. எல்லாம் நேற்றுப் போட்டதுபோல இருந்தது.

ஸ்டியரிங் ஆர்ம் என்று ஒரு கை இருக்கிறது. ஓட்டுகிறவர் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது அதுதான். அது போனால் வண்டி ஒரு பக்கம் போகும், சக்கரம் ஒரு பக்கம் போகும். அதன் முனையில் இருக்கிற நட்டுக்கு ஊசி உண்டு. அந்த நட்டின்மேல் அழகாக, நேராக, மஞ்சளாக ஒரு கோடு இருந்தது.

அவள் விளக்கைப் பிடித்தபடி நின்றாள். இது அவள் பக்கம். தன் கோடுதானே என்று கண் பாட்டுக்குக் கடந்துபோய்விட்டுத் திரும்பி வந்திருந்தது. ஊசி போட்ட நட்டுக்கு அவள் கோடு போட்டதே கிடையாது. போடுகிறவன் ஒருவன்தான்.

விரல் நகத்தால் சுரண்டினாள். மஞ்சளுக்கு அடியில் தூசி இருந்தது. பழைய கோடு என்றால் தூசி மேலே அல்லவா இருக்க வேண்டும்? அதன் பக்கத்து ரப்பர் உறை பளபளவென்று புதிதாக இருந்தது. வலது பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே பழைய உறை, வெடிப்பும் சாம்பல் நிறமுமாக. திரும்பி வந்து ஊசியை உருவி, நட்டைக் கழற்றி, அந்த ஆர்மைத் தனியாக எடுத்து மேலே கொண்டுபோனாள். கறுப்புப் பெயிண்ட் இன்னும் நன்றாகக் காயக்கூட இல்லை, கட்டைவிரல் ரேகை அதில் பதிந்தது. உப்புத்தாளால் தேய்த்தாள். இரும்பு வெளியே வந்தது, நடுவில் நீலம் பூத்து, ஓரத்தில் வைக்கோல் நிறத்தில்.

நெருப்புக் காட்டி நிமிர்த்தியிருக்கிறார்கள். அந்தக் கையை மட்டும் சூடு காட்டி நிமிர்த்தக் கூடாது. வளைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். அடித்து இறுக்கிச் செய்த இரும்பு அது, சூடு பட்டால் உள்ளே இருக்கிற உரம் போய்விடும். பார்க்க நேராக இருக்கும், அளந்தால் சரியாக இருக்கும், என்றைக்கு விட்டுப்போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதை அவள் வாடிக்கையாளர்களிடம் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாள். தம்பியிடம் அதற்கு மேலேயே சொல்லியிருப்பாள்.

அவன் வந்தான். வரும்போதே, "என்னக்கா, பெரியவருக்கு நாடி எப்படி இருக்கு?" என்றான். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவன் வேகம் குறைந்தது.

"அந்த நட்டுல யாருடா கோடு போட்டது?"

"உன் பக்கம்தானேக்கா. நீதான் போட்டிருப்ப."

"ஊசி போட்ட நட்டுக்கு நான் போட மாட்டேன்."

அவளுக்குப் பயந்து பழகின அந்தப் பழக்கமே காலை வாரிவிட்டது என்று அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு டப்பாவின்மேல் உட்கார்ந்தான். பிறகு சொன்னான். ஓட்டியது அவன் இல்லை. மகள் ஒரு சாயங்காலம் கொட்டகையிலிருந்து வண்டியைத் தனியாக எடுத்துக்கொண்டு போய், கூடப் படித்தவர்களிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, சாலை நடுவே இருக்கும் திட்டின்மேல் இடது சக்கரத்தை ஏற்றிவிட்டாள். அழுதுகொண்டே வந்து அவன் கடை வாசலில் நின்றாள். சக்கரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. ஆர்ம் வளைந்திருந்தது. அடுத்த ஆர்ம் தேடிக் கண்டுபிடிக்க நாள் இல்லை, வேலையில் சேர வேண்டிய தேதி நெருங்கிவிட்டது. அவனுக்குத் தெரிந்ததை அவன் செய்தான்.

"அளவாத்தான் காட்டினேன்க்கா. பதம் எனக்குத் தெரியாதா?"

"பெயிண்ட் பாட்டில் எங்க கிடைச்சுது?"

அவன் தரையைப் பார்த்தான். "அத்தான் எடுத்துக் குடுத்தாரு."

அலமாரி அவள் மனசில் திறந்து மூடியது. மாத்திரைப் பெட்டிகளை நகர்த்தி, பின்னால் இருக்கிற பாட்டிலை எடுத்துத் துடைத்துக் கொடுத்திருப்பார். அவர் எதையும் துடைத்துத்தான் கொடுப்பார்.

"சரி. எல்லாத்தையும் மறைச்சீங்களே, அந்த ரிம்மை மட்டும் ஏன் அப்படியே விட்டீங்க? அதையும் தட்டி எடுத்திருக்கலாமே."

அவன் காதைச் சொறிந்தான். அவள் விடவில்லை. கடைசியில் சொன்னான். "ஒண்ணுமே இல்லேன்னா நீ விட மாட்ட. தோண்டிக்கிட்டே இருப்ப. ஏதாவது ஒண்ணு கையில கிடைச்சா திருப்தியாயிடுவ."

"யார் யோசனை இது?"

"விடுக்கா."

"உனக்கு இவ்வளவு யோசனை வராது. யாரு?"

"உன் பொண்ணுதான்" என்றான்.

வளைந்த ரிம் சாக்கட்டியை உரசியபோது தனக்கு வந்த நிம்மதி அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த நிம்மதியை அவளுக்காகவே யோசித்து, அளந்து, சக்கரத்தில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். வாரம் முழுக்கக் கிடைத்த டீயும் தைலமும் தாழ்ப்பாளும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கத்தியிருப்பாள். வந்தது வெட்கம். தன்னைப் பற்றி வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அவளை எப்படிச் சமாளிப்பது என்று, முரட்டு வாடிக்கையாளரைப் பற்றிப் பட்டறையில் பேசுவதுபோல.

தம்பி எழுந்தான். அவள் கையிலிருந்து ஆர்மை வாங்கி, மேசையில் இருந்த வைஸில் இறுக்கிப் பிடித்துவைத்து, பெரிய சுத்தியலை எடுத்து ஓங்கி ஓங்கி அடித்தான். பட்டறை முழுக்க மணி அடித்ததுபோல இருந்தது. ஆர்ம் உடையவில்லை, வளையவும் இல்லை. மூச்சு வாங்க, "பாரு" என்றான். "என் சொந்த அக்கா பொண்ணுக்கா. உடையற மாதிரி செஞ்சு குடுப்பேனா?"

"இன்னைக்கு உடையலை" என்றாள் அவள்.

அந்தச் சமயத்தில்தான் சாப்பாட்டுக் கூடையோடு அப்பாவும் மகளும் உள்ளே வந்தார்கள். சுத்தியலோடு நின்ற மாமனையும் வைஸில் இருந்ததையும் பார்த்ததும் மகள் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். யாரும் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்காரர் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார்.

"நீங்களுமா?" என்றாள் அவள்.

"பெயிண்ட் பாட்டில் கேட்டாங்க, குடுத்தேன். எதுக்குன்னு கேக்கலை."

"ஏன் கேக்கலை?"

அவர் உண்மையைத்தான் சொன்னார். "கேட்டா சொல்லிடுவாங்களே."

வேறொரு நாளாக இருந்தால் அவளே சிரித்திருப்பாள். முப்பது வருடமாக அவர் எந்தச் சண்டையிலும் பக்கம் எடுக்காதவர் என்று அவளுக்குத் தெரியும். அப்படி எடுக்காமல் இருப்பதும் ஒரு பக்கம் என்று இப்போதுதான் தெரிந்தது.

மகள் அழவில்லை. அழுகையெல்லாம் மாமன் கடை வாசலிலேயே முடிந்திருக்க வேண்டும். நேராகப் பார்த்துத்தான் பேசினாள். "நீ திட்டுவேன்னு பயந்து மறைக்கலைம்மா. நீ திட்டக்கூட மாட்ட. 'பார்த்தியா'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்வ. அதுக்கப்புறம் நான் எங்க போறதுன்னாலும், எதை எடுக்கறதுன்னாலும், அந்த ரோட்டுத் திட்டு வந்து நடுவுல நிக்கும். தனியா போகவே விட்டிருக்க மாட்ட."

அது உண்மை. வண்டிச் சாவியைத் தராதது மட்டுமல்ல, வேலைக்கே போக வேண்டாம் என்றுகூட ஆரம்பித்திருப்பாள். தனக்கே தெரிந்த உண்மையைப் பெற்ற பெண் எடுத்துச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பது, தானே கழற்றிப்போட்ட வண்டியாக நிற்பதுபோல இருந்தது. ஆனால் அந்த உண்மை ஒரு பக்கம் கிடக்கட்டும், இந்த இரும்பு இன்னொரு பக்கம் இருந்தது.

"நான் கோட்டைப் பார்க்காம விட்டிருந்தா?" என்றாள். "சரின்னு சொல்லியிருப்பேன். நாளைக்கு நீயும் உன் மாமனும் ஏறிப் போயிருப்பீங்க. இறக்கத்துல இது விட்டுப்போயிருந்தா, வண்டியைப் பார்த்தது யாருன்னு கேப்பாங்க. நான்தான் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துதுன்னு நான் சொல்லிக்கிட்டே இருந்திருப்பேன். சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்திருப்பேன்."

மகள் மாமனைப் பார்த்தாள். அவ்வளவு தூரம் அவள் யோசித்திருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. மாமன் சரியாகிவிட்டது என்று சொன்னான், அவள் நம்பிவிட்டாள். அவனும் நம்பித்தான் சொன்னான். இந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் தாய்க்குப் பெரிய தொல்லையாக இருந்தது. கெட்டவர்கள் என்றால் ஒரு கதவைச் சாத்திவிட்டு உட்காரலாம்.

வைஸில் இருந்த ஆர்மை அவள் ரம்பத்தால் அறுத்தாள். வளைந்த ஸ்டியரிங் பாகம் எதுவும் பட்டறையை விட்டு முழுசாக வெளியே போகக் கூடாது. யாராவது எடுத்துப் போய் மாட்டிவிடுவார்கள் என்று இரண்டாக அறுத்துத்தான் போடுவார்கள். நேரம் பிடிக்கிற வேலை. தம்பி பார்த்துக்கொண்டே இருந்தான். நடுவில் ஒருமுறை, நான் அறுக்கிறேன் என்று கை நீட்டினான். அவள் நிமிரவில்லை. சாப்பாடு கூடையிலேயே ஆறிப்போனது.

மறுநாள் மகள் பஸ்ஸில் போனாள். பெரிய பெட்டிகளைப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்று இரண்டு பைகளோடு ஏறினாள். வழியனுப்ப அவளும் பஸ் நிலையத்துக்குப் போயிருந்தாள், ஒரு பையைத் தூக்கிக்கொண்டு. பார்த்தியா என்ற வார்த்தை வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்றும் வரவில்லை. தண்ணீர் பாட்டில் எடுத்தாயா என்று கேட்டாள். எடுத்தேன் என்றாள் மகள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அம்மாவின் முழங்கையைத் தொட்டாள். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இது எதற்கு என்று ஒரு கேள்வி வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி வந்ததே இல்லை.

உடைசல் கிடங்குகளில் சொல்லிவைத்து, ஒரு வழியாக அதே மாதிரி ஆர்ம் ஒன்று கிடைத்தது. அடுத்து வந்த விடுமுறைக்கு அவள் மறுபடியும் சாவி வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். இடது பக்கம் பூட்டி முடித்து, ஊசி செருகிக் கால்களைப் பிரித்து மடக்கினாள். அதற்குள் தம்பி வந்துவிட்டான். வந்தவன் எப்போதும்போலப் பழந்துணியை எடுத்து ஸ்பேனர்களைத் துடைத்து வரிசையாக வைத்தான். சக்கரத்தைப் பிடிக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம், மாட்டிவிட்டேன் என்றாள்.

பிறகு அவள் விளக்கை எடுத்துக்கொண்டு வலது பக்கம் போனாள். முதல் நட்டில் ஸ்பேனரை வைத்தாள். அவன் போட்ட மஞ்சள் கோடு நடுவில் உடைந்து விலகியது.

"அந்தப் பக்கம் எதுக்குக்கா? அதுல அடியே படலையே."

"தெரியும்."

"அதுல நான் ஒண்ணும் பண்ணலைக்கா. சத்தியமா."

"இருக்கும்" என்றாள். "பார்த்துடறேன்."

பூட்டும்போது அவள் அவனைத் திட்டியிருக்கிறாள், அவன் வெல்டிங்கைக் கேலி செய்திருக்கிறாள், ஒருமுறை ஸ்பேனரை அவன் காலடியில் வீசியும் இருக்கிறாள். அவன் பூட்டிய பக்கத்தைத் திறந்து பார்த்ததில்லை. கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் வாங்கிக்கொண்டு, சிரித்து, டீ வாங்கப் போயிருப்பான். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தான். இரண்டாவது நட்டும் மூன்றாவது நட்டும் தட்டில் விழுந்தன. எல்லாம் ஒழுங்காகத்தான் முறுக்கப்பட்டிருந்தன. அவள் நிறுத்தவில்லை.

துணியை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு அவன் வெளியே போனான். வாசலில் அவன் ஸ்கூட்டர் கிளம்பாமல் அடம் பிடித்தது. உதைத்தான். மறுபடியும் உதைத்தான். பெட்ரோல் அடைக்கிற சத்தம் அது, கேட்டாலே அவளுக்குத் தெரியும், மேலே ஏறிப் போனால் ஒரு நிமிட வேலை. குழிக்குள் நின்றபடி, தலைக்கு மேலே இருந்த அடுத்த நட்டில் ஸ்பேனரைப் பொருத்தினாள். வெளியே உதைக்கிற சத்தம் நின்றது. பிறகு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அது தெருமுனை வரை கேட்டது, பிறகு இல்லை.